கவுல் காத்த ஏரியும் கரையிலே சாய்ந்த கோட்டையும்

உத்திரமேரூர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது குடவோலை. பள்ளிப் பருவத்தில் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றோம். இன்று நம் பிள்ளைகளும் அவ்வாறே பெறுகின்றனர். ஆயினும் அவ்வூரை நேரில் கண்டவர் நம்மிடையே மிகச் சிலரே. அவ்வூரில் விடியற்காலையில் புறப்பட்டுத் தென்கிழக்கே கடலை நோக்கிச் சென்றால், ஒரே பகற்பொழுதில் ஆயிரம் ஆண்டு வரலாற்றைக் கடந்து செல்லலாம் என்பதை அறிந்தவர் அவரினும் சிலர்.

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அத்தகைய பயணம் ஒன்று எங்களுக்கு வாய்த்தது. இரண்டு குடும்பத்தார், ஒரு வாடகை வேன், ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தக்காளிச் சோறு, அவித்த முட்டைகள், ஐந்து பிள்ளைகள். முதல் நாள் இரவே உறவினர் இல்லத்தில் தங்கி, சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, பனி விலகுமுன்பே உத்திரமேரூரின் நடுவே உள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தின் முன்னே நின்றோம்.

கல்லிலே எழுதிய கணக்கு

அம்மண்டபத்துச் சுவர்களில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919ஆம் ஆண்டில் ஒரு விதி எழுதப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 921இல், அவ்விதியைத் திருத்தி மற்றொன்று எழுதப்பட்டது. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, குடும்புக்கு ஒருவராக முப்பது பேரைத் தெரிந்தெடுத்தனர். அவருள் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். ஊரின் உயிராகிய ஏரியைக் காப்பதற்கென்றே அறுவர்!

இன்றைய பொருளில் இதனை மக்களாட்சி எனப் புகழ்ந்துவிடுதல் பொருந்தாது. நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது. பெண்டிர்க்கு இல்லை, நிலத்தில் உழைத்தவர்க்கும் இல்லை. இருப்பினும் அவ்விதிகளுள் ஒன்று நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மீண்டும் குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர் என்பதே அது. பொதுச் சொத்தை ஏற்றவன் கணக்குக் காட்டவேண்டும். காட்டாதவனை ஊர் மறவாது. நம் இல்லங்களில் அமானிதம் என்று நாம் சொல்லும் சொல்லின் பொருள், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இச்சுவரில் வேறொரு மொழிநடையில் வெட்டப்பட்டிருப்பதாகத் தோன்றியது.

வேடன் தங்கிய ஊரில்

அங்கிருந்து வேடந்தாங்கல் வெகுதூரம் அன்று. வேடர் தங்கிய இடம் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். இன்றோ வேட்டைக்கு இடங்கொடாத ஊர் அது. ஏறத்தாழ முப்பது எக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி. ஏரியினுள் நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு நீரில் நிற்கின்றன. கரைமீது ஏறியதும் பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். மரம் என்று கண்டது மரமாக இல்லை. கிளை தெரியாமல் பறவைகள். மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா என்று வழிகாட்டி ஒருவர் விரல் நீட்டிச் சொல்லச் சொல்ல, எங்கள் இளையவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தாள். மழை பெய்து ஏரி நிறைந்த ஆண்டுகளில் ஐப்பசி கார்த்திகையில் வரத் தொடங்கும் இவை, கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, பங்குனி சித்திரைக்குள் பறந்துவிடுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் அவையும் வாரா.

இங்கேதான் இப்பயணத்தின் முதற்செய்தி எங்களுக்குக் கிட்டியது. இவ்வூர்க் குடியானவர்கள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள். அதற்கு அன்பு ஒரு காரணம். அறிவு மற்றொரு காரணம். பறவைகளின் எச்சம் நீரில் கலந்து, அந்நீர் வயலிற் பாயும்போது நிலத்துக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் வாளாவிருக்கவில்லை. செங்கல்பட்டுச் சீமையின் ஆட்சியராக அப்போதிருந்த லயனல் பிளேசு என்பாரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரார்க்கு உறுதிசெய்து அவர் ஒரு கவுல் வழங்கினார். 1858இல் அதனை ஊரார் புதுப்பித்துக்கொண்டனர்.

கவுல் என்னும் இச்சொல்லை வாசகர்கள் சற்றே உற்று நோக்கவேண்டும். அரபு மொழியில் கவ்ல் என்றால் சொல், வாக்கு. பாரசீகத்தின் வழியே நவாபுகளின் அலுவல் மொழியில் புகுந்து, குடிமக்களுக்கு அரசு எழுதித் தரும் உறுதிச் சீட்டைக் குறிப்பதாகித் தமிழிலும் நிலைத்துவிட்டது. நவாபுகளிடமிருந்து சீமையைப் பெற்ற ஆங்கிலக் கும்பினியார் அச்சொல்லையும் சேர்த்தே பெற்றனர். ஆக, அரபுச் சொல் ஒன்று, ஆங்கிலேயர் ஒருவர் கையால், தமிழ்க் குடியானவர்களுக்கு வழங்கப்பட்டு, வடபுலத்திலிருந்து வரும் பறவைகளைக் காத்தது! மொழிகள் சண்டையிடுவதில்லை, மனிதர்களே சண்டையிடுகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1936இல் அரசு இவ்வேரியைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில், அண்டையிலுள்ள கரிக்கிலியோடு வேடந்தாங்கலும் இடம்பெற்றது. பட்டியல்கள் பின்னர் வந்தவை. முன்னர் வந்தது ஊராரின் முறையீடு. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊரார் இருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

உப்பங்கழியின் ஓரம்

மதுராந்தகத்தையும் செய்யூரையும் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தபோது, காற்றில் உப்பு மணந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின், உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், நாங்கள் கடந்துவந்த இவ்வூர்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஆகிவிட்டன. பறவைகளுக்கு இவ்வெல்லை தெரியாது. காலையில் ஏரியிற் கண்ட கூழைக்கடாக்களின் இனத்தை முதலியார்குப்பத்தை அடுத்த ஒதியூர்க் கழியிலும் கண்டோம்.

கழி என்பது கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து தேங்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. கடலுக்கும் அதற்கும் இடையே மணல்திட்டு ஒன்றே வேலி. வற்றும் நேரத்துச் சேற்றில் உள்ளான்கள் ஓயாது குத்திக்கொண்டிருந்தன. ஆலாக்கள் நீர்மேல் பாய்ந்து மீன் கவ்வின. தொலைவில் வெண்மையும் செம்மையும் கலந்த ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள்! அவை உண்ணும் பாசியிலும் சிறு கூனி இறால்களிலும் உள்ள நிறப்பொருளே அச்சிறகுகளுக்கு அந்நிறத்தைத் தருகிறது. உணவு மாறினால் நிறமும் வெளிறும்.

இக்கடற்கரைப் பகுதி பண்டைய இடைக்கழி நாடு. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்நாட்டினர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூலில் எயிற்பட்டினம் என்னும் துறைமுகம் வருகிறது. மரக்காணத்தை ஒட்டிய இடமே அது என அறிஞர் பலர் கருதுவர். அலைகள் கரையிலே கொண்டுவந்து தள்ளிய மணமிக்க மரக்கட்டைகள், படுத்துறங்கும் ஒட்டகங்கள்போலக் கிடந்தனவாம். ஒட்டகத்தை நன்கு கண்டறிந்த ஒருவருக்கன்றி இவ்வுவமை தோன்றுமோ? இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே இக்கரைக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் இடையே பொருளும் விலங்கும் சொல்லும் போக்குவரவு செய்திருந்தன என்பதற்கு இப்பழம்பாட்டின் ஓருவமையே போதும்.

ஆலம்பரை

லுஹர் நேரத்துக்குக் கடப்பாக்கத்தை அடைந்து, தொழுது, உண்டு, ஆலம்பரைக் கோட்டைக்குள் நுழைந்தோம். கோட்டை என்று சொல்லக் கேட்டுச் செஞ்சியையும் வேலூரையும் எண்ணிவந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றமே. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய மதிலின் எச்சங்கள், பாதி சரிந்த கொத்தளங்கள், இடையிடையே முட்புதர், அப்பால் கழி, அதற்கும் அப்பால் மணல்திட்டும் வங்கக் கடலும். அவ்வளவே.

ஆனால் இச்செங்கற்கள் பேசினால் கருநாடகத்தின் முழுக்கதையையும் சொல்லும். 1736க்கும் 1740க்கும் இடையே இக்கோட்டை எழுப்பப்பட்டது. அப்போது ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் நவாயத் குடும்பத்தவரான தோஸ்து அலி கான். இங்கே ஒரு துறை இருந்தது; சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறின. நாணயசாலையும் இருந்தது, ஆலம்பரை வராகன் என்று ஊரின் பெயராலேயே நாணயம் வழங்கிற்று. 1736இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூமா தம் ஊரிலும் ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமையைத் தோஸ்து அலியிடமே பெற்றார். அதே ஆண்டில் தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதத் தொடங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் ஏடுகளில் ஆலம்பரையின் பெயர் பலகால் வருவதைக் காணலாம்.

கோட்டை முற்றுப்பெற்ற காலத்திலேயே அதற்குரியவரின் காலம் முடிந்தது. 1740ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியப் படையை எதிர்த்துத் தோஸ்து அலி கான் உயிர் நீத்தார். அவருடைய குடும்பத்துப் பெண்டிர் புதுச்சேரிக்கு ஓடினர். மராட்டியர் அவர்களை ஒப்புவிக்கும்படி மிரட்டியும் டூமா இணங்கவில்லை. கொடுத்த சொல்லை அவர் காத்தார் என்பதை, பின்னர் நிகழ்ந்தவற்றை எண்ணி மறைத்துவிடலாகாது.

பின்னர் நிகழ்ந்ததோ பட்டத்துக்கான பெரும்போட்டி. டூப்ளே தக்காணத்துச் சுபேதார் பதவிக்கு முசாபர் ஜங்கை ஆதரித்தார். அவ்வுதவிக்குக் கைம்மாறாக 1750இல் ஆலம்பரை பிரெஞ்சுக்காரர்க்கு அளிக்கப்பட்டது. ஒரு சனதில் ஒரு முத்திரை; துறையும் மதிலும் கை மாறின. இக்கழியில் வலை வீசியவரையும் உப்பு வாரியவரையும் எவர் கேட்டார்? அடுத்த ஆண்டு முசாபர் ஜங்கும் கொல்லப்பட்டார்.

பத்தாண்டு கழிந்தது. 1760 ஜனவரி 22ஆம் நாள், உத்திரமேரூரிலிருந்து அதிக தொலைவில் இல்லாத வந்தவாசியில், அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. அவ்வாண்டே ஆலம்பரையும் வீழ்ந்தது. வென்றவர்கள் அதனை இடித்தனர். மறு ஆண்டு ஜனவரியில் ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்தார். அதே மாதத்தில் புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பீரங்கி தவறவிட்டதைக் காலம் தின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையும் தன் பங்குக்கு மதிலைச் சிதைத்தது.

கணக்கிட்டுப் பார்த்தோம். கோட்டையாக அது நின்றது ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! ஓர் ஏட்டில் எழுதிய சொல்லால் காக்கப்பட்ட வேடந்தாங்கலோ இருநூறு ஆண்டுகளுக்குமேல் நிற்கிறது.

இவ்வொப்பீடு நேர்மையானதா என்று எங்களுள் ஒருவர் வினவினார். வினா தக்கதே. உள்நாட்டுச் சிற்றேரியின்மேல் எவரும் பீரங்கி கொண்டுவரவில்லை. ஆலம்பரையோ இரு வல்லரசுகள் மோதிய கரையில் இருந்தது. கவுல் ஒன்று இருந்திருப்பின் கோட்டை பிழைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. கோட்டை வீழ்ந்தது போரால்; அதில் வியப்பில்லை. வீழ்ந்த பின்னர் அதனைத் தம்முடையது என்று கருதிக் கேட்பார் இல்லாமற்போனதே நாம் எண்ணவேண்டியது. ஏரியைக் கெடுக்க வந்தபோது ஊரார் ஆட்சியரிடம் சென்றனர். கோட்டையின் செங்கல்லைக் காக்க நெடுங்காலம் எவரும் எங்கும் செல்லவில்லை.

சுவரில் ஒரு பெயர்

இப்பேச்சு நிகழ்ந்துகொண்டிருக்கையில், எங்கள் பிள்ளைகளுள் மூத்தவன் ஓர் உடைந்த ஓட்டைக் கொண்டு கொத்தளத்தின் சுண்ணாம்புப் பூச்சில் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். முதலெழுத்து முடிந்திருந்தது. எங்கள் கண்ணில் படுமுன் அங்கே நின்ற படகோட்டி ஒருவர் கண்டுவிட்டார். அவர் சினக்கவில்லை. எங்களைப் பார்த்து, “பாய், பேர் எழுதுறவங்க எல்லாரும் சாயங்காலம் ஊருக்குப் போயிடுறாங்க. சுவர் இங்கேயேதான் நிக்குது” என்றார்.

நாணத்தால் எங்கள் தலை தாழ்ந்தது. அதுவரை நாங்கள் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? நம் நவாபு கட்டியது, நம்மவர் அடித்த நாணயம் என்றன்றோ பெருமை பேசிக்கொண்டிருந்தோம்! பெருமை எங்களுடையது, சுவரின்மேல் அக்கறை அவருடையது. நம்மவர் ஆண்டதை மேடைதோறும் முழங்குகின்ற நாம், அவர் விட்டுச்சென்ற செங்கல்லின் அருகே பிள்ளைகளை எவ்வாறு நடந்துகொள்ளப் பழக்கியிருக்கிறோம் என்னும் கணக்கை எவரிடம் காட்டுவது? உத்திரமேரூரின் விதிப்படி நாங்கள் அன்று குடத்தில் ஓலை இடத் தகுதியற்றவர்களே.

பையன் ஓட்டைக் கீழே போட்டுவிட்டு, “அத்தா, அழிச்சிடலாமா?” என்றான். அழிக்க முயன்றால் பூச்சே உதிரும் என்று படகோட்டி தடுத்தார். அந்த ஓரெழுத்து அங்கேயே இருக்கிறது.

அவருடைய படகிலேயே கழியைக் கடந்து மணல்திட்டுக்குச் சென்றோம். கரையில் பெரிய ஆமை ஒன்று இறந்து கிடந்தது. காகங்கள் அதன் கண்ணைக் கொத்தியிருந்தன. பிள்ளைகள் விலகினர். “பங்குனி ஆமை. முட்டை போட வந்தது. இழுவலையில மாட்டினா மேலே வந்து மூச்சு விட முடியாது, உள்ளேயே அடங்கிடும்” என்றார் அவர். தை முதல் பங்குனி வரை இரவு நேரங்களில் இக்கரைக்கு இவை ஏறிவந்து, மணலில் குழி தோண்டி, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுமூடிச் செல்லும். ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிப்பட்டுக் கடலின் ஒளி நோக்கி ஓடும். கடற்கரை விடுதிகளின் விளக்கொளி மிகுந்தால் திசை மாறி நிலம் நோக்கி ஓடி மடியும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் இவ்வாமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை நாளேடுகளில் கண்டோம். கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடலாகாது என்று சட்டம் உண்டு. ஆமை தப்பிச்செல்லும் வழி வைத்த வலையும் உண்டு. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைத் தம் சொல்லாக ஏற்பவர்களே வேண்டும்.

“நீங்கள் கேட்கக்கூடாதா?” என்று எங்களுள் ஒருவர் வினவ, அவர் சிரித்தார். “கேட்கிறோம் பாய். நாங்க மட்டும் கேட்டா போதுமா?”

அஸர் தொழுதுவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் பிள்ளைகள் பேசவில்லை. களைப்போ, ஆமையோ, அறியோம். மஃரிபுக்குப் பின் உத்திரமேரூரை அடைந்தபோது இருட்டிவிட்டது. இளையவள் மட்டும் விளக்கொளியில் தன் தாளை விரித்துப் பறவைப் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு இருந்தன. பட்டியலின் அடியில், சிறு கோடிட்டு, ‘ஆமை, ஒன்று’ என்றும் எழுதியிருந்தாள். அவளும் ஒரு கணக்கு எழுதியிருக்கிறாள் என்று சொல்லி, அத்தாளை மடித்து அவள் தமையன் கையில் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னோம்.